மீண்டும் டிஜே ஆகிறவர்களுக்கு: பாட்டு லைப்ரரி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு காலத்தில் மதுரையைச் சுற்றி ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் விழா என்று டிஜேவாக ஓடிவிட்டு, வேலை, குடும்பம் என்று ஒதுங்கிப்போனவர்கள் திரும்பி வரும்போது முதலில் கேட்பது, “இப்போது எந்த மென்பொருள் நல்லது?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். உங்களோடு கடைசிவரை வருபவை பாட்டுக் கோப்புகளும் அவற்றுக்குள் நீங்கள் எழுதிவைக்கும் விவரங்களும்தான். அவற்றை முதலில் சீர் செய்துவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது அரை நாள் வேலை.

படி 1: பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடாதீர்கள், நகலெடுங்கள்

பல வருடம் பரணில் கிடந்த டிஸ்க்கைச் செருகியதும் பாட்டுக் கேட்க உட்கார்ந்துவிட வேண்டாம். முழுவதையும் புதிய எஸ்எஸ்டி ஒன்றுக்கு நகலெடுங்கள். இன்னொரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு, பிட்ரேட் என்பார்கள்) ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி பிடிக்கும். அந்தக் கணக்கில் 5,000 பாட்டுக்கு 60 ஜிபி போதும், பெரிய செலவில்லை.

நகலெடுக்கும்போது பாட்டில்லாத கோப்புகளையும் விடாதீர்கள். செராட்டோ என்ற டிஜே மென்பொருளில் வாசித்தவர் என்றால் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். பழைய கிரேட்டுகள் (பாட்டுகளைப் பிரித்துவைத்த பட்டியல்கள்) அதற்குள்தான் இருக்கின்றன. செராட்டோவின் பழைய மென்பொருளான ஸ்க்ராட்ச் லைவ் காலத்துக் கிரேட்டுகளையும் இன்றைய செராட்டோ படித்துவிடும். ட்ராக்டர் என்ற டிஜே மென்பொருள் என்றால் ‘கலெக்‌ஷன்’ என்ற பெயரில் என்எம்எல் கோப்பு, ஐடியூன்ஸ் என்றால் எக்ஸ்எம்எல் கோப்பு. இவை தொலைந்தால் நீங்கள் அன்று குறித்துவைத்த வரிசைகளும் போய்விடும்.

படி 2: களையெடுப்பு

ஒரே பாட்டு நாலு இடத்தில் நாலு தரத்தில் இருக்கும். விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் முழு ஃபோல்டரையும் திறந்து, பிட்ரேட் வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். பெரிய எண் இருப்பதாலேயே அது நல்ல கோப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 128 கோப்பை 320 ஆக மாற்றி ஏற்றியவர்கள் ஏராளம். அப்படி மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பி வராது. ஸ்பெக் என்ற சிறு இலவச நிரலில் கோப்பைத் திறந்தால், அதிலுள்ள ஒலி எவ்வளவு உயரம் வரை போகிறது என்று படமாகக் காட்டும், குட்டு உடைந்துவிடும். 128இல் பிறந்த பாட்டில் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே படம் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். நல்ல 320 கோப்பில் 20 வரை போகும். கைப்பேசியில் கேட்டால் வித்தியாசம் தெரியாது. மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஏற்றும்போது ஜால்ரா சத்தம் மணல் அரைப்பதுபோல் வந்தால் எல்லோருக்கும் தெரியும்.

படி 3: டேக் எழுதுதல்

டேக் என்பது பாட்டுக் கோப்புக்குள் எழுதிவைக்கும் பெயர், ஆண்டு போன்ற விவரம். முக்கால்வாசி உழைப்பு இதில்தான். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள்: பாட்டின் பெயருக்குப் பின்னால் இறக்கிய இணையதளத்தின் முகவரி, பாடகர் இடத்திலும் அதே முகவரி, ஆல்பம் இடத்தில் படப் பெயரோடு ஒட்டிக்கொண்டு மறுபடியும் அதே முகவரி. எம்பி3டேக்கில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, அந்த முகவரியை ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம்.

டிஜே மென்பொருள்கள் எல்லாம் வெளிநாட்டுக் கணக்கில் செய்யப்பட்டவை. கலைஞர் பெயர், பாட்டுப் பெயர், இரண்டு போதும் என்று அவை நினைக்கின்றன. நம் ஊரில் மேடைக்கு அருகில் வந்து எவராவது பாடகர் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்பது அபூர்வம். படத்தின் பெயரைச் சொல்வார்கள், “ராஜா பாட்டு ஒன்று போடுங்கள் தம்பி” என்பார்கள், அல்லது கதாநாயகன் பெயரைச் சொல்லிவிட்டு அடம்பிடிப்பார்கள். அதற்கேற்றபடி டேக்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆல்பம் என்ற இடத்தில் படப் பெயர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர்கள், கம்போஸர் இடத்தில் இசையமைப்பாளர், ஆண்டு இடத்தில் படம் வந்த ஆண்டு. கதாநாயகன் பெயருக்கு என்று தனி இடம் கிடையாது. கமெண்ட் இடத்தில் போடுங்கள். எந்தச் சடங்குக்கு ஆகும் என்பதையும் அங்கேயே சேர்க்கலாம்: தாய்மாமன் சீர், மாலை மாற்றல், பந்தி நேரம், குத்தாட்டம்.

இளையராஜா பெயரையே ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதி வைத்திருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். தமிழ் எழுத்திலேயே டேக் எழுத ஆசைதான். ஆனால் இருட்டு மேடையில், ஆட்கள் சுற்றி நிற்க, ஆங்கில விசைப்பலகையில் தேடப்போகிறீர்கள். சில பிளேயர்களின் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவும் தெரியலாம். தேடுவதற்கு ஆங்கில எழுத்தே வசதி.

படி 4: எந்தப் பெட்டியில் வாசிக்கப்போகிறீர்கள்?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட்காரரோடு சேர்ந்து போகிறவர் தன் லேப்டாப்பும், அதிலுள்ள மென்பொருளைக் கையால் இயக்கும் பலகையான கன்ட்ரோலரும் கொண்டுபோவார். ஹோட்டல் விருந்துகளில் சில இடங்களில் லேப்டாப் இல்லாமலே பாட்டு வாசிக்கும் பயனீர் சிடிஜே பிளேயர்கள் போட்டிருப்பார்கள். அங்கே பென் டிரைவ் மட்டும் போதும். இந்த ஒரு வித்தியாசமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

சிடிஜேவில் பென் டிரைவ் செருகுவது உங்கள் வழி என்றால் அந்த பிளேயர்களுக்கென்றே வந்த ரெகார்ட்பாக்ஸ் மென்பொருளைத் தவிர வேறு யோசனை அநாவசியம். பாட்டுகளின் வேகத்தையும் தாளத்தையும் அலசி, க்யூ புள்ளிகளோடு (பாட்டில் வேண்டிய இடத்துக்குத் தாவ வைக்கும் குறிகள்) பென் டிரைவுக்கு ஏற்றும் பகுதி அதன் இலவசத் திட்டத்திலேயே இருக்கிறது. பென் டிரைவை ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய பிளேயர்களும் படிக்கும்.

கன்ட்ரோலர் வாங்கப்போகிறீர்கள் என்றால் அதோடு வரும் மென்பொருள் எது என்று பார்த்து வாங்குங்கள். செராட்டோவின் பெரிய வசதி, க்யூ புள்ளிகளைப் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுவது. கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் அவை கூடவே வரும். விர்ச்சுவல் டிஜே வீட்டில் பழக இலவசம், காசு வாங்கி வாசிக்க உரிமம் வேண்டும்.

இன்னும் கன்ட்ரோலரே வாங்கவில்லை, கை பழக வேண்டும் என்கிறவருக்கு என் தேர்வு மிக்ஸ். ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் போட்டுத் தேடினால் கிடைக்கும். முழுக்க இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். ஐடியூன்ஸ், ட்ராக்டர், செராட்டோ லைப்ரரிகளையும் ரெகார்ட்பாக்ஸ் ஏற்றிய பென் டிரைவுகளையும் தன் பக்கப்பட்டியில் அப்படியே திறந்து காட்டும் என்பதால், பழைய டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இதுதான் வசதி. பழைய 32 பிட் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் புதிய பதிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

படி 5: நூறு பாட்டில் சோதனை

முழு லைப்ரரியையும் ஏற்றுவதற்கு முன், இரண்டு மென்பொருளில் அதே நூறு பாட்டை ஏற்றி அலசவிடுங்கள். எண்பதுகளின் பாட்டுகளும் குத்துப் பாட்டுகளும் அதில் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் மென்பொருள் தடுமாறுவது அங்கேதான். அன்று தாளம் போட்டவர்கள் மனிதர்கள். சரணத்தில் வேகம் சற்று ஏறும், இறங்கும். கணினியோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகம் என்று கோடு போட்டுவிடும். ரெகார்ட்பாக்ஸில் அலசும் முறையை ‘டைனமிக்’ என்று மாற்றலாம். மிக்ஸில் வேகம் மாறாது என்று கொள்ளும் தேர்வை நீக்கிவிடலாம்.

நம் குத்துப் பாட்டுகளில் பல, ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும் ஆறு எட்டுத் தாளத்தில் ஓடுபவை. காலால் தட்டினால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) 100 வரும் பாட்டை மென்பொருள் 150 என்று சொல்லும். இருமடங்கு, பாதி ஆக்கும் பொத்தான் எல்லாவற்றிலும் உண்டு. அது இங்கே உதவாது, மூன்றில் இரண்டு பங்காக்க வேண்டும். மிக்ஸில் அதற்குத் தனிப் பொத்தானே இருக்கிறது. மற்றவற்றில் கையால் தட்டி வேகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதில் இந்தத் திருத்தம் உங்கள் கைக்கு இயல்பாக வருகிறதோ அதுவே உங்கள் மென்பொருள். அத்துடன் கம்போஸர், கமெண்ட் பத்திகளைத் திரையில் கொண்டுவந்து, படப் பெயரில் பாதி தட்டினாலே பாட்டு வருகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: காசும் இணையமும்

மாதச் சந்தா கேட்கும் திட்டத்தில் சேரும் முன் முகூர்த்த நாள்களை எண்ணிப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் கோயில் விழா வாய்ப்பு இல்லாதவர் வீணாகக் கட்டிக்கொண்டிருப்பார். ஒருமுறை வாங்கும் உரிமமோ, வேண்டிய மாதம் மட்டும் கட்டும் வழியோ உண்டா என்று பாருங்கள்.

இணையத்திலிருந்து நேரடியாகப் பாட்டு எடுக்கும் வசதியை நம்பி நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் செல்போன் கோபுரம் திணறும். முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் வைஃபையை அணைத்து, லேப்டாப்பை மறுபடி இயக்கி, ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். உள்நுழையச் சொல்லி மென்பொருள் நின்றாலோ, ஏதாவது கோப்பு காணவில்லை என்றாலோ அன்றே தெரிந்துவிடும், சரிசெய்ய ஓர் இரவு கையில் இருக்கும்.