புது இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு: ஒரே கம்பெனியா, புரோக்கரா?

சேலத்தில் இன்சூரன்ஸ் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் தங்கள் செல்போனில் யார் நம்பர் அதிகம் என்று பாருங்கள். லாரி, வேன் வைத்திருப்பவர்கள், செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர்கள் என்றால் பல கம்பெனி பாலிசிகளை விற்கும் புரோக்கரோடு சேர்ந்து விற்பனை செய்யும் பி.ஓ.எஸ்.பி. (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன்) வேலை நல்லது. வண்டிக்காரர் எடுத்ததும், "வேற கம்பெனியில எவ்வளவுங்க வரும்?" என்றுதான் கேட்பார், பல கம்பெனி பிரீமியத்தை அங்கேயே காட்டிவிடலாம். பயிற்சியும் 15 மணி நேரம்தான்.

சாதாரண ஏஜென்டுக்கு ஆயுள், பொது, மருத்துவம் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனிதான். ஆனால் சொந்தபந்தத்துக்கு ஆயுள் பாலிசி போடுவதென்றால் அதுவே போதும். கூட வந்து பேசிக் கற்றுத்தர அதிகாரி இருப்பார், புதியவருக்கு அது பெரிய பலம்.

எதுவானாலும், பாதியில் விலகினால், அடுத்தடுத்த ஆண்டு பிரீமியத்துக்கு வரும் புதுப்பிப்பு கமிஷன் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.