டிரை ரீஸ்லிங்: ஃபிங்கர் லேக்ஸையும் ஜெர்மனியையும் ஒரே மேசையில் ஒப்பிடுவது எப்படி

ரீஸ்லிங் ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதில் இனிப்புத் தெரியாத ஒயின்தான் டிரை. இந்த ஒப்பீடு பெரும்பாலும் கடையிலேயே கெட்டுவிடுகிறது. நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் டிரை ரீஸ்லிங் ஒன்றையும் ஜெர்மனியின் மோசல் பகுதிக் காபினெட் ஒன்றையும் வாங்கி வந்து, ஜெர்மன் ஒயின் மிருதுவாக இருக்கிறது, அமெரிக்க ஒயின் வெறும் புளிப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தக் காபினெட்டில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருந்திருக்கலாம். டிரைக்கு ஜோடி டிரைதான்: ஜெர்மன் பாட்டிலில் ‘ட்ரோக்கன்’ (ஜெர்மனில் டிரை) என்ற சொல்லைத் தேடுங்கள். காபினெட், ஸ்பேட்லேஸ என்பவை அறுவடையின்போது திராட்சைச் சாற்றில் இருந்த சர்க்கரை அளவைச் சொல்பவை. குடிக்கும்போது இனிக்குமா என்பதை அவை சொல்லாது. ‘காபினெட் ட்ரோக்கன்’ என்று இருந்தால் எடுக்கலாம். ஓரளவு இனிப்புள்ள ஒயினுக்கு எழுதும் ‘ஃபைன்ஹெர்ப்’ என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. இந்த வேலைக்கு அதை விட்டுவிடுங்கள்.

ட்ரோக்கனுக்கான வரம்பு லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை. ஆனால் சர்க்கரை, புளிப்பின் அளவைவிட 2 கிராமுக்கு மேல் கூடக்கூடாது. புளிப்பு 6 கிராம் என்றால் சர்க்கரை 8 வரைதான். புளிப்பு 7 இருந்தால் முழு 9 கிராமும் செல்லும். அமெரிக்க லேபிளில் ‘டிரை’ என்று போட இப்படியொரு வரம்பு இல்லை. அதனால் பின்பக்க லேபிளில் சர்வதேச ரீஸ்லிங் அறக்கட்டளையின் அளவுகோல் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்படி சர்க்கரையைப் புளிப்பால் வகுத்து வருவது 1-க்குக் கீழே இருந்தால் டிரை. பிஎச் 3.3 அல்லது அதற்கு மேல் போனால் ஒரு படி இனிப்புப் பக்கம் தள்ளிவிடுவார்கள், ஏனென்றால் அங்கே புளிப்பு மந்தமாகத் தெரியும். இந்த அளவுகோலும் எண்களும் கிடைக்காவிட்டால் ஆல்கஹாலைப் பாருங்கள். சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் 1% ஆல்கஹால் வரும். 8% மட்டுமே உள்ள ரீஸ்லிங்கில் சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 11.5 முதல் 13% வரை இருந்தால் டிரையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தயாரிப்பாளர்களின் தகவல் தாளில் உள்ள எண்களை ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. ஜெர்மனியும் அமெரிக்காவும் புளிப்பை டார்டாரிக் அமிலக் கணக்கில் எழுதுகின்றன, பிரான்ஸ் பெரும்பாலும் சல்ஃப்யூரிக் கணக்கில் எழுதும். அல்சாஸ் ரீஸ்லிங்கில் 4.5 என்று கண்டு ‘புளிப்பே இல்லை’ என்று நினைக்காதீர்கள். 1.53-ஆல் பெருக்கினால் அது சுமார் 6.9.

நாக்கைத் தயார் செய்ய ஒரு சின்னப் பயிற்சி, ஒயின் திறப்பதற்கு முன்பே. 1 லிட்டர் தண்ணீரில் 4 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். (ஒயினில் புளிப்பு சுமார் 7 கிராம் இருக்கும், ஆனால் ஒயினில் உள்ள பொட்டாசியம் அதன் வேகத்தைத் தணிக்கிறது, வெறும் தண்ணீருக்கு 4 கிராமே போதும்.) 300 மில்லி வீதம் மூன்று கிளாசில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, இரண்டாவதில் 1.2 கிராம், மூன்றாவதில் 2.4 கிராம் சர்க்கரை போடுங்கள். இப்போது லிட்டருக்கு 0, 4, 8 கிராம். மூன்றாவதும் பலருக்கு இனிப்பாகத் தெரியாது. புளிக்குழம்பில் வெல்லம் போட்டதுபோல முனை மட்டும் மழுங்கியிருக்கும். ‘மிருதுவான’ ட்ரோக்கன் பலவற்றின் ரகசியம் இந்த 8 கிராம்தான்.

நான்கு பாட்டில்கள் போதும்: மோசல் ட்ரோக்கன், ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதி ட்ரோக்கன், ஃபிங்கர் லேக்ஸ் டிரை, தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு. விலை ஒரே தட்டில் இருக்கட்டும். கழுத்தில் வி.டி.பி. (ஜெர்மன் முன்னணி ஒயினகங்களின் சங்கம்) கழுகு பொறித்த ‘ஜிஜி’ பாட்டில், உயர்தரத் தோட்டத்து டிரை ஒயின். அதைச் சாதாரண டிரைக்கு எதிரே வைப்பது அநியாயம். வருடமும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஆனால் கிளேரில் அறுவடை வருடத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஜெர்மனியில் இலையுதிர் காலத்தில்தான். லேபிளில் ஒரே ஆண்டு இருந்தாலும் ஆஸ்திரேலிய ஒயின் ஏறத்தாழ அரை வருடம் மூத்தது.

ஃபிரிட்ஜிலிருந்து 20 நிமிடம் முன்பே எடுத்து வையுங்கள். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரட்டும். ஃபிரிட்ஜ் குளிரிலேயே ஊற்றினால் மணம் அடங்கிவிடும், புளிப்பு மட்டும் குத்தும், எல்லா ஊரும் ஒரே ஊராகத் தெரியும். பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி எண் போட்டு, ஆளுக்கு 50 மில்லி ஊற்றுங்கள். காபினெட் ஒன்றும் வைக்க ஆசை என்றால் கடைசியில். இனிப்பை முதலில் குடித்தால் அடுத்து வரும் டிரை எதுவும் எடுபடாது.

மோசலில் பெரும்பாலும் உடம்பு மெலிசு. பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ. ஃபால்ஸ் வெயில் கூடிய பகுதி, பீச் பழமும் கனமும் வரும். கிளேரில் லைம் மணம் தூக்கலாக இருக்கும், சர்க்கரை மிகக் குறைவு. வயது ஏறினால் டோஸ்ட் வாசனையும் மண்ணெண்ணெய் வாடையும் சேரும். அந்த வாடை டிடிஎன் என்ற சேர்மத்தால் வருவது. வெயில் நேராகப் பட்ட திராட்சையில் அது கூடும், ஆகவே அதை வைத்து மட்டும் வயதைக் கணிக்காதீர்கள்.

சிரமப்படுத்துவது ஃபிங்கர் லேக்ஸ்தான். புளிப்பில் அது மோசலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். உறவும் உண்டு, செனெகா ஏரிக்கரையில் 1979-இல் ஒயினகம் தொடங்கிய ஹெர்மன் வீமர் மோசலின் பெர்ன்காஸ்டலைச் சேர்ந்தவர். ஆனால் மோசல் வடக்கே 50-ஆம் அட்சரேகையில், இது 42-ஐ ஒட்டி. கோடை வெப்பமும் ஈரமும் கூடுதல், குளிர்காலக் கடுமையை ஆழமான ஏரிகள் தணிக்கின்றன. முதல் வாயில் சாத்துக்குடியும் பீச்சும் மோசலைவிட அகலமாக வரும், முடிவில் எலுமிச்சைத் தோலின் மெல்லிய கசப்பு நிற்கும். பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் விழுங்கிய பிறகு பத்து வினாடி பொறுங்கள், அந்தக் கசப்பில்தான் பெரும்பாலும் பிடிபடும். ‘ஸ்லேட் கல்லின் சுவை’ என்று மட்டும் எழுத வேண்டாம். கல் ஒயினில் கரைந்து வருவதில்லை; வெப்பத்தைத் தேக்குவதும் நீரை வடிப்பதும்தான் அதன் வேலை. கிளேரின் போலிஷ் ஹில்லிலும் ஸ்லேட் இருக்கிறது, ஒயின் மோசல் மாதிரி இல்லை.

திறந்ததும் தீக்குச்சி வாடை வந்தால் கிளாசைச் சுழற்றி 20 நிமிடம் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது கார்க் கெட்டது, போகாது. அந்தப் பாட்டிலை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அடியில் கண்ணாடித்தூள் போல மின்னுவது டார்டரேட் படிகம், பயப்பட ஒன்றுமில்லை. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் அதே எண் வரிசையில் மறுபடி ருசியுங்கள். இளம் ட்ரோக்கன்கள் அன்றுதான் வாய் திறக்கும், முதல் நாள் கொடுத்த மதிப்பெண்ணைத் திருத்த வேண்டியிருக்கும்.