பழைய பெரிய எச்டி டிவி மலிவாக வருகிறதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீடு மாற்றுகிறவர்கள் 2006 முதல் 2012 வரை வாங்கிய 42, 50 இன்ச் டிவிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சிலது இன்னும் நன்றாக ஓடும். சிலது வீட்டுக்கு வந்த வாரமே படுத்துவிடும்.

படி 1: பின்பக்க ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

மாடல் எண்ணை நெட்டில் தேடினால் ரெசல்யூஷன், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்பது, தெரிந்துவிடும். ‘எச்டி ரெடி’ என்றால் எல்சிடியில் பெரும்பாலும் 1366×768. பல 42 இன்ச் பிளாஸ்மாக்களில் (எல்சிடி போலன்றி ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் பழைய ரகம்) வெறும் 1024×768. ஃபுல் எச்டி என்பது 1920×1080. 32 இன்ச்சில் எச்டி ரெடியே உறுத்தாது. 50 இன்ச்சில் சப்டைட்டில் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும்.

அதே ஸ்டிக்கரில் வாட்டையும் பாருங்கள். 300 வாட் இழுக்கும் பிளாஸ்மா தினம் 5 மணி நேரம் ஓடினால் 1.5 யூனிட். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக 90 யூனிட். இலவச 100 யூனிட்டை டிவியே கிட்டத்தட்ட முடித்துவிடும்!

படி 2: எச்டிஎம்ஐ எத்தனை?

செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு ஒன்று, குறைந்தது இரண்டு வேண்டும். வெறும் சிவப்பு, பச்சை, நீல ஜாக் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ரியர் புரொஜெக்‌ஷன் டிவி (உள்ளே லேம்ப் வைத்து, பின்னாலிருந்து திரையில் படம் விழச் செய்யும் பெட்டி டிவி) என்றால் நேரில் போய்ப் பார்க்கவே வேண்டாம். லேம்ப் தேடி அலைய முடியாது.

படி 3: நேரில் போய் சோதியுங்கள்

முக்கியமான வேலை இதுதான். “நான் வந்த பிறகு ஆன் பண்ணுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் டிவியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பவர் போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு உருளை) உப்பிய டிவி, ஆறிய நிலையில்தான் அடம்பிடிக்கும்: டிக் டிக் என்று சத்தம் வரும், லைட் சிமிட்டும், படம் வராது. இதை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

பேனல், அதாவது திரையே போனால் கதை முடிந்தது. பயனியர் 2009லேயே டிவி தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013இல் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. புதுப் பேனலுக்கு எங்கே போவது?

அதனால் லேப்டாப்பும் கேபிளும் எடுத்துப் போங்கள். திரை முழுக்க வெள்ளை, சாம்பல், சிவப்பு என ஒவ்வொரு நிறமாகப் போடுங்கள். பிளாஸ்மாவில் மூலையில் சேனல் லோகோவின் நிழல், அடியில் செய்தி ஓடிய பட்டையின் தடம் தெரிகிறதா? எல்சிடியில் நெட்டுக்கோடு ஒன்று தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். “தட்டினா சரியாயிடும்” என்பார்கள். ஆகாது.

என்னைக் கேட்டால், இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிறவர் ஃபுல் எச்டி பிளாஸ்மா கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கறுப்பு நிறம் அவ்வளவு ஆழமாக இருக்கும். பகல் முழுக்க சீரியல் ஓடும் வீட்டுக்குப் புது 43 இன்ச் எல்இடியே போதும்.

படி 4: கொண்டுவந்து மாட்டுதல்

50 இன்ச் பிளாஸ்மாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வண்டியில் படுக்கப் போடாதீர்கள், நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். ரிமோட்டையும் ஸ்டாண்டு ஸ்க்ரூக்களையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால், மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபுல் பிக்சல்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.