பழகிய வீடியோ எடிட்டர் அப்படியே நின்றுபோனால் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பல வருடமாக ஒரே செயலியில்தான் வீட்டு வீடியோ எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குக் கை பழகிவிட்டது. இந்தத் தைப்பூசத்துக்கு என் அண்ணன் சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுத்ததை அவர் மகன் புதுப் போனில் பிடித்துக் கொடுத்தான். செயலியில் போட்டால் சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு. இப்போதைய போன்கள் பல ஹெச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் பதிவு செய்கின்றன, ஐபோன் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதலே அப்படித்தான். என் செயலிக்கோ இரண்டு வருடமாக ஒரு அப்டேட்கூட இல்லை.

உங்களுக்கும் இந்த நிலை வந்தால், புதியதைத் தேடுவதற்கு முன் பழையதில் பாதியில் நிற்கும் வேலைகளை முடித்து எம்பி4 கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு செயலியின் ப்ராஜெக்ட் கோப்பை இன்னொன்று பெரும்பாலும் திறக்காது. மூவி மேக்கர் என்ற தன் பழைய எடிட்டருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியது, அதில் செய்த ப்ராஜெக்ட்டுகளை அப்படியே விட்டுவைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெட்டாத மூல வீடியோக்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுங்கள்.

அடுத்து, வசதிப் பட்டியலை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுடைய சொந்த வீடியோவைக் கொடுத்துச் சோதியுங்கள், அரைமணி நேரம் போதும். நான் போட்டுப் பார்த்தது இருபது நிமிட உறுமிக் காட்சி. போன் எடுக்கும் வீடியோவில் ஃப்ரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, ஏறி இறங்கும், அதைச் சரியாகக் கையாளத் தெரியாத செயலியில் போகப் போகக் குச்சி தோலில் படுவது ஒரு நேரம், சத்தம் கேட்பது ஒரு நேரம் என்று ஆகிவிடும். அதனால் முதல் நிமிடத்தை மட்டும் பார்க்காமல் கடைசி நிமிடத்தை ஓடவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் தமிழ். இதை யாரும் சொல்வதில்லை, நமக்கு இதுதான் முக்கியம். தலைப்பில் 'ஸ்ரீ', 'கொண்டாட்டம்', 'பெருமாள்' என்று மூன்று சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றாலோ, கட்டம் கட்டமாக வந்தாலோ, முதலில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யூஐ என்று மாற்றிப் பாருங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் அந்தச் செயலி வேண்டாம். திரையில் சரியாகத் தெரிந்தாலும், எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திறந்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, எதைச் சோதிப்பது? மேக் வைத்திருந்தால் ஐமூவியில் தொடங்குங்கள், இலவசம். விண்டோஸ் 11இல் கிளிப்சேம்ப் கூடவே வருகிறது, இலவசமாகவே 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம், பிறந்தநாள் வீடியோவுக்கு அது தாராளம். எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது ஷாட்கட். ஃப்ரேம் வேகம் மாறும் கோப்பைப் போட்டதும் அதுவே கண்டுபிடித்து, எடிட் செய்யத் தோதாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. கேடென்லைவும் நல்லது, 2002இல் தொடங்கி இன்னும் வளர்கிறது. இரண்டும் ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், ஒருவர் விட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம், ஒரு முறை பட்டவனுக்கு இது பெரிய விஷயம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே நிறையத் தருகிறது, ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் இல்லாமல் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். எதை எடுத்தாலும் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் சத்தமே இல்லை என்றால் நான் தொடமாட்டேன்.

கணினி திணறுகிறது என்று புதுசு வாங்க உடனே சிம் லிம் ஸ்குவேர் கடைகளுக்கு ஓடாதீர்கள். ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. எடிட் செய்யும்போது சிறிய நகலை வைத்துக்கொண்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். என் பழைய லேப்டாப்பில் 4கே காவடி வீடியோ அப்படித்தான் நகர்ந்தது. எக்ஸ்போர்ட்டில் பழைய கருவிகளிலும் ஓடும் ஹெச்264 முறை, 1080பி என்று வைத்தேன், அம்மாவின் பழைய போனில் தட்டியதும் ஓடியது.