பூல் கியூ வாங்கப் போகிறீர்களா? டிப் பக்கத்திலிருந்து பாருங்கள்

பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோலுக்குக் கியூ என்று பெயர். நான் முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய கியூவின் கைப்பிடியில் ஒரு டிராகன் படம் இருந்தது. பச்சை உடம்பு, சிவப்பு நாக்கு. கடைக்காரர் உறையிலிருந்து அதை உருவிக் காட்டிய விதத்திலேயே நான் விழுந்துவிட்டேன். டிப்பை, அதாவது பந்தைத் தொடும் முனைத் தோலை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றே மாதத்தில் ஷாஃப்ட், அதாவது கியூவின் மெல்லிய முன்பாதி, வளைந்துவிட்டது. டிராகன் மட்டும் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது.

பலரும் பணத்தைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இரண்டு கியூக்களை எடுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் ஒன்று, முன்பாதியும் பின்பாதியும் சேரும் ஜாயிண்ட் ஒன்று, டிப்பும் ஒன்றேதான். விலை மட்டும் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அந்த வித்தியாசம் முழுக்கப் பின்பக்க அலங்காரத்துக்குப் போகிறது. பந்துக்கு அலங்காரம் தெரியாது. டிப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் நடப்பதைத் தீர்மானிப்பவை டிப்பும் ஷாஃப்டின் முன்பகுதியும்.

அலங்காரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு கொடுப்பதற்கு முன்னால் அது நிஜமா என்று பாருங்கள். மரத்தைக் குடைந்து வேறு மரத்தையோ சிப்பியையோ பதித்திருந்தால் அது வேலைப்பாடு. அச்சடித்த படத்தை ஒட்டி மேலே வார்னிஷ் பூசியிருந்தால் அது ஸ்டிக்கர். போன் கேமராவை நன்றாக ஜூம் செய்தால் போதும், பத்திரிகைப் படத்தில் தெரிவது போல அச்சுப் புள்ளிகள் தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு நம் ஊரில் நிறைய நடக்கிறது: பூல் ஆட ஸ்நூக்கர் கியூ வாங்குவது. 1875-ல் ஜபல்பூரில் தொடங்கி ஊட்டி கிளப்பில் வளர்ந்த ஆட்டம் ஸ்நூக்கர். அதனால் நமக்கு அந்தக் கியூதான் கண்ணுக்குப் பழக்கம். ஆனால் ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ., பூல் பந்து 57 மி.மீ.க்குச் சற்று மேல், கனமும் கூட. ஸ்நூக்கர் கியூவில் பெரும்பாலும் ஆஷ் மரம், 9 அல்லது 10 மி.மீ. டிப், அதைத் தாங்கும் பித்தளை வளையம் (ஃபெரூல்). பூல் கியூ என்றால் பொதுவாக மேப்பிள் மர ஷாஃப்ட், 12 முதல் 13 மி.மீ. டிப், 58 அங்குல நீளம். மெல்லிய கியூவால் கனமான பந்தை ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் போவது டிப், அடுத்தது ஃபெரூல்.

எடையில் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கடைகளில் 18 முதல் 21 அவுன்ஸ் வரை கிடைக்கும். 19-ல் தொடங்குங்கள். பல கியூக்களில் அடி ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடை போல்ட் இருக்கும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நிதானமாக யோசிக்க வேண்டியது ஷாஃப்டைப் பற்றித்தான். வெள்ளைப் பந்தின் நடுவுக்கு இடப்பக்கம் அடித்தால் அது நேராகப் போகாது, கொஞ்சம் வலப்பக்கம் விலகிப் போகும். இதைத்தான் டிஃப்லெக்ஷன் என்கிறார்கள். ஷாஃப்டின் முனைப்பகுதி எவ்வளவு கனமோ, விலகலும் அவ்வளவு. இதற்காகத்தான் முனையைக் குடைந்தும் ஃபெரூலைச் சின்னதாக்கியும் எடை குறைத்த ‘லோ டிஃப்லெக்ஷன்’ ஷாஃப்ட்கள் வந்தன. 1990-களில் இதைப் பிரபலமாக்கியது பிரிடேட்டர் என்ற கம்பெனி. இன்று பெரிய கம்பெனிகள் எல்லாமே ஏதோ ஒரு பெயரில் இதை விற்கின்றன.

விற்பவர் “இதுல ஸ்பின் அள்ளும் சார்” என்பார். நம்பாதீர்கள். ஸ்பின் எவ்வளவு என்பது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லோ டிஃப்லெக்ஷனால் கிடைக்கும் லாபம், சைடு வைத்து (பந்தின் நடுவுக்கு இடமோ வலமோ தள்ளி) அடிக்கும்போது குறியை அதிகம் மாற்ற வேண்டியதில்லை என்பது மட்டும்தான். பல வருஷம் சாதாரண மேப்பிளில் ஆடியவர் இதற்கு மாறினால் ஆரம்பத்தில் அடி தவறத்தான் செய்யும். பழைய திருத்தம் கையில் ஊறிப்போயிருக்கும். புதிதாகக் கற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வளையாது, ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே ஒரு காரணம். ஆனால் ஒரு ஷாஃப்டின் விலையிலேயே நல்ல மேப்பிள் கியூ ஒன்று முழுசாக வந்துவிடும். அடிக்கும்போது வரும் சத்தமும் வேறு. சிலருக்கு அது கடைசிவரை பிடிப்பதில்லை, எனக்கும்தான்.

நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எல்லோரும் செய்வது, மாட்டிய கியூவை மேசையில் உருட்டுவது. அது பாதிச் சோதனைதான். இரண்டு துண்டையும் கழற்றித் தனித்தனியாக உருட்டுங்கள். உருட்டும்போது ஷாஃப்டுக்கும் துணிக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கோட்டைக் கவனியுங்கள். கோடு ஒரே அளவாக இருந்தால் சரி, பருத்து இளைத்தால் வளைவு இருக்கிறது. துண்டுகள் தனியாக நேராக ஓடி, மாட்டினால் மட்டும் ஆடினால் குற்றம் ஜாயிண்டில். பிறகு மாட்டிய கியூவின் அடியை உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது.

ஜாயிண்ட் எஃகா மரமா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு: இரண்டு துண்டையும் முறுக்கி மாட்டும் திருகின் மறை பொதுவான அளவா? 5/16-14, 3/8-10, ரேடியல், யூனி-லாக் போன்ற ஏதாவது ஒன்று என்றால், நாளை வேறு ஷாஃப்ட் வாங்கி மாட்டலாம். தொழிற்சாலைக் கியூ வாங்குவதன் பெரிய வசதியே இதுதான். என் டிராகனின் மறை எந்த அளவிலும் சேரவில்லை. ஷாஃப்ட் போனதோடு கியூவும் போயிற்று.

வாரண்டிச் சீட்டில் ‘வளைவு’ என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். வாழ்நாள் வாரண்டி என்று பெரிதாகப் போட்டுவிட்டு மரம் வளைந்தால் பொறுப்பில்லை என்று கீழே எழுதுபவர்கள் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்த கியூவுக்கு எந்த வாரண்டியும் உதவாது.

டிப்புக்குத் தனியாகக் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். கியூவோடு வரும் டிப் சுமாராக இருந்தால் கியூவையே குறை சொல்லத் தோன்றும். மீடியம் கடினத்தில், அடுக்கடுக்காகத் தோல் ஒட்டிய டிப் ஒன்றைக் கைதேர்ந்தவரிடம் கொடுத்து மாட்டிவிட்டு, ஒரு வாரம் ஆடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதே கியூவால் பந்துக் குவியலைச் சிதறடிக்கும் முதல் அடியை, அதாவது பிரேக்கை, ஓங்கி அடித்தால் டிப் காளான் மாதிரி ஓரம் விரிந்துவிடும். பிரேக்குக்குத் தனிக் கியூ வாங்கும் வரை பார்லரில் சுவரோரம் சாத்தியிருக்கும் கியூவை எடுத்து அடியுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.