காலில் வளையம் போட்ட பறவை செத்துக் கிடந்தால்

வயலிலோ வேதாரண்யம் உப்பளத்திலோ காலில் எண் பொறித்த உலோக வளையம் உள்ள பறவை செத்துக் கிடந்தால், ஒரு போட்டோவோடு நிறுத்தாமல் வளையத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வீடியோ எடுங்கள். எண் வளையத்தைச் சுற்றி ஓடுவதால் ஒரு போட்டோவில் பாதிதான் விழும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு இலக்கமும் கிடைத்துவிடும். வெறுங்கையால் தொடாதீர்கள், குச்சியால் காலைத் திருப்பினால் போதும்.

எண்ணோடு இடம், தேதி சேர்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 1883-இல் தொடங்கிய இந்தக் கழகம்தான் பறவைகள் எங்கே போகின்றன என்று அறிய, கோடியக்கரையில் பல ஆண்டுகளாக அவற்றுக்கு வளையமிட்டு வருகிறது. அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையமிட்டார்கள் என்பது எண்ணை வைத்துத்தான் தெரியும். ஒரு இலக்கம் விட்டுப்போனாலும் தேடுவது கஷ்டம்.

உயிரோடு இருக்கும் பறவைக்கு இது சரிவராது. பிடிக்கப் போகாதீர்கள், காட்டுப் பறவையைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காலில் வண்ண பிளாஸ்டிக் கொடி இருந்தால் தூரத்திலிருந்தே படம் எடுத்து, எந்தக் கால், என்ன நிறம் என்று குறித்தாலே பயன்படும். அப்புறம், பந்தயப் புறாவின் வளையம் அதை வளர்ப்பவர் போட்டது. அதற்குக் கழகத்திடம் பதிவு இருக்காது.