பேட்டரியை மாற்றும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

போன சித்திரையில் ஏலகிரியிலிருந்து வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆம்பூரைத் தாண்டியதும் முகப்பு விளக்கு மங்கி மஞ்சளானது. பள்ளிகொண்டாவை நெருங்கும்போது ஸ்டியரிங் கனத்தது, என்ஜின் இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. லாரிகள் சீறிப் பாயும் நெடுஞ்சாலை ஓரத்தில், இரவு பதினோரு மணிக்கு, பிள்ளைகளோடு நின்றோம். அந்தக் காரில் இருந்த பேட்டரி வாங்கி 12 நாள்தான் ஆகியிருந்தது. கெட்டிருந்தது ஆல்டர்னேட்டர், நான் மாற்றியிருந்தது பேட்டரியை.

இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் "பேட்டரி போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேட்டரி காலியானது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏன் காலியானது என்பதுதான் கேள்வி. பேட்டரியின் முதல் வேலை செல்ஃப் மோட்டாரைச் சுழற்றி என்ஜினை எழுப்புவது. என்ஜின் ஓடத் தொடங்கியபின் விளக்கு, விசிறி, எரிபொருள் பம்ப் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தந்து, பேட்டரி இழந்ததையும் திரும்ப நிரப்புவது ஆல்டர்னேட்டர். நிரப்புகிறவன் படுத்துவிட்டால் எவ்வளவு புதிய பேட்டரியும் வெறும் குடம்தான்.

வோல்டேஜ் அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இரண்டையும் வீட்டு வாசலிலேயே பிரித்தறியலாம். இரவு முழுவதும் நின்ற காரில், சாவியைத் திருப்பும் முன் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுச் சார்ஜ்; 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. ஓட்டி வந்து நிறுத்தியவுடன் அளப்பது தவறு. அப்போது மேலோட்டமான சார்ஜ் ஒட்டிக்கொண்டிருக்கும். நோயாளிப் பேட்டரியும் நலமாகத் தெரியும்.

அடுத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி செல்ஃப் சுழலும்போது 10 வோல்ட்டுக்கும் வெகு கீழே சரிந்தால் அதன் உயிர் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. முகப்பு விளக்கையும் ஏசியையும் போட்டு, சற்று ஆக்சிலேட்டர் கொடுத்த பிறகும் 12.5-லேயே நின்று, போகப் போக இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் கணினியே வோல்டேஜை ஏற்றி இறக்கும். அவற்றில் ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, அதனால் டைனமோ நன்றாக இருக்கிறது" என்று சொல்வது. ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றே அழைக்கும் பட்டறைகள் நம் ஊரில் உண்டு. இந்தச் சோதனையும் அந்த டைனமோ காலத்தின் மிச்சம்தான். அப்போது காரில் கணினி இல்லை. இன்று பேட்டரியைத் திடீரென விலக்கினால் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும், அவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள என்ஜின் கணினியும் கருகிப்போகலாம். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு பேட்டரிச் சின்னம் பேட்டரி கெட்டதைச் சொல்வதில்லை. சார்ஜ் ஏறவில்லை என்பதைச் சொல்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அதனுள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ் மட்டும் என்றால் செலவு சிறியது, முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றும்படி சொன்னால் காரணம் கேளுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைக் கழுவித் துடைத்து இறுக்குங்கள். அதனாலேயே செல்ஃப் "டிக்" என்று மட்டும் சொல்லி அடங்கும்.

பேட்டரி உண்மையிலேயே சாவதும் உண்டு. அதில் வேலூர் வெயிலுக்குப் பெரிய பங்கிருக்கிறது. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் விரைவாக அரிக்கப்படும், நீர் வற்றும். மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் வற்றியதை டிஸ்டில்டு வாட்டரால்தான் நிரப்ப வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது, வீட்டு ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். காட்பாடியிலிருந்து பழைய பஸ் நிலையம் வரை மட்டும் ஓடும் காரில், செல்ஃப் எடுத்த மின்சாரத்தை நெரிசலில் ஊரும் என்ஜினால் முழுதாகத் திருப்பித் தர முடிவதில்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

வழியில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் என்ஜின் சூட்டைக் காட்டும் வெப்பமானியைப் பாருங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டரின் அதே பெல்ட்தான் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பையும் சுழற்றும். பெல்ட் அறுந்து வெப்பமும் ஏறினால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். வெப்பம் சரியாக இருந்தால் ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அருகிலுள்ள ஊரின் பட்டறைக்கு ஓட்டுங்கள். இடையில் என்ஜினை நிறுத்தாதீர்கள், திரும்ப எழுப்பச் சார்ஜ் மிஞ்சாது. அன்று வாணியம்பாடியிலேயே அந்த விளக்கு எரிந்தது. புதிய பேட்டரிதானே என்று நான் ஏசியைக்கூட அணைக்கவில்லை.